சம்பளமில்லாத அட்மின்

சமூக ஊடக மாநாடுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. நட்சத்திர ஓட்டல் ஹால், கழுத்தில் தொங்கும் அட்டை, ராட்சதத் திரை, அதில் இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடு. மேடையேறுபவர் சாஃப்ட்வேர் கம்பெனியைச் சேர்ந்தவராக இருப்பார். இல்லையென்றால் விளம்பரக் கம்பெனிக்காரர். உறவு, பிணைப்பு, சமூகம் போன்ற சொற்கள் நிமிடத்துக்கு இரண்டு முறை காதில் விழும். காபி இடைவேளையில் விசிட்டிங் கார்டுகள் கைமாறும். மாலையில் கூட்டம் கலையும். அந்த உறவுகளை அன்றாடம் கட்டிக் காப்பவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் பெரும்பாலும் ஹாலிலேயே இருக்க மாட்டார்.

2017 ஜூன் 22-ம் தேதி சிகாகோவில் ஃபேஸ்புக் நடத்திய மாநாடு இந்த வகையில் ஒரு விதிவிலக்கு. எதிரே உட்கார்ந்திருந்த சில நூறு பேரும் குரூப் அட்மின்கள். நோயாளிகளுக்கான குரூப், பைக் ஓட்டும் பெண்களின் குரூப், போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களின் குடும்பத்தாருக்கான குரூப் என்று ஆளுக்கொன்றை வீட்டு வேலை, ஆபீஸ் வேலைக்கு நடுவே நடத்திக்கொண்டிருந்தவர்கள். ஃபேஸ்புக் இவர்களைக் கூட்டி மாநாடு நடத்தியது அதுவே முதல் முறை.

மேடையேறிய மார்க் ஸக்கர்பெர்க், கம்பெனியின் குறிக்கோள் வாசகத்தையே மாற்றப்போவதாக அறிவித்தார். உலகைத் திறந்த, இணைக்கப்பட்ட இடமாக்குவது என்றிருந்த பழைய வாசகம் போய், மக்களுக்குச் சமூகங்களை உருவாக்கும் சக்தியைக் கொடுத்து உலகை நெருக்கமாக்குவது என்ற புதிய வாசகம் வந்தது. அமெரிக்காவில் சங்கம், சர்ச், விளையாட்டுக் குழு என்று எல்லாவற்றிலும் உறுப்பினர் எண்ணிக்கை பல பத்தாண்டுகளாகச் சரிந்து வருகிறது என்றார். சர்ச்சுக்கு ஒரு பாதிரியார், சிறுவர் பேஸ்பால் அணிக்கு ஒரு கோச், அதுபோல ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவர் தேவை என்பது அவர் வாதம். உறுப்பினரின் வாழ்க்கையில் முக்கிய இடம் பிடித்துவிட்ட குரூப்களில் அப்போது சுமார் 10 கோடிப் பேர் இருப்பதாகக் கணக்குச் சொன்னார். அதை 100 கோடியாக்குவது இலக்கு. ஐந்து நாட்கள் கழித்து ஃபேஸ்புக்கின் மாதாந்தரப் பயனாளர் எண்ணிக்கை 200 கோடியைத் தொட்டதாக அறிவிப்பு வந்தது.

கோச்சுக்கும் பாதிரியாருக்கும் அட்மினுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பாதிரியாருக்கு வீடும் ஊதியமும் சபை தரும். கோச் சம்பளமே வாங்காதவராக இருந்தாலும் மைதானத்தை விட்டு வீட்டுக்குப் போனதும் அன்றைய வேலை முடிந்துவிடும். அட்மினுக்கு இரண்டும் இல்லை.

அன்று மேடையில் அறிவித்த புதிய வசதிகளின் பட்டியலைப் பார்த்தாலே அட்மின் வேலை எப்படிப்பட்டது என்று விளங்கிவிடும். சேர விண்ணப்பித்தவர்களை வகை பிரித்து ஒரே மூச்சில் ஏற்க அல்லது நிராகரிக்க ஒரு வசதி. குரூப்பில் எந்த நாளில், எந்த நேரத்தில் பேச்சு அதிகம் என்று காட்டும் புள்ளிவிவரம். பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்க ஒரு வசதி. பிறகு, நீக்கப்பட்ட ஒருவர் அதுவரை எழுதியது, பின்னூட்டமிட்டது, அவர் சேர்த்துவிட்ட ஆட்கள் எல்லாவற்றையும் ஒரே அடியில் துடைத்தெடுக்க ஒரு வசதி. வாயிலில் நின்று ஆள் பார்த்து உள்ளே விடுவது, சண்டை வந்தால் விலக்குவது, மிஞ்சினால் வெளியே அனுப்பிவிட்டுத் தரையைக் கழுவுவது. மேடையில் ஒலித்த சமூகம் என்ற பெரிய சொல்லுக்குக் கீழே நடக்கும் வேலை இதுதான்.

இதைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. சிகாகோவில் இருந்த அட்மின்களில் ஒருவர் லோலா ஓமோலோலா. நைஜீரியாவில் பிறந்த பத்திரிகையாளர், சிகாகோவில் குடியிருப்பவர். 2014 ஏப்ரலில் சிபோக் என்ற ஊரின் பள்ளியிலிருந்து 200-க்கும் அதிகமான மாணவிகளை போகோ ஹராம் தீவிரவாதிகள் கடத்திச் சென்றது அவரை உலுக்கியது. நைஜீரியப் பெண்களுக்காக அவர் தொடங்கிய ரகசிய குரூப் பத்து லட்சம் உறுப்பினர்களைத் தாண்டியது. கணவரின் அடி, சிறு வயதில் நேர்ந்த பலாத்காரம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் பெண்கள் அங்கே எழுதினார்கள். எழுதியவரை யாரும் நியாயம் விசாரிக்கக் கூடாது, உபதேசம் செய்யக் கூடாது என்பது அங்கே சட்டம். பத்து லட்சம் பேர் நடுவே அந்த ஒரு சட்டம் தானாக நிற்காது. ஒவ்வொரு பதிவையும் யாரோ படிக்க வேண்டும். தடித்த வார்த்தை விழுந்தால், எழுதிய பெண்ணின் கண்ணில் அது படுவதற்கு முன் எடுக்க வேண்டும்.

இந்தப் பாடத்தைக் கம்ப்யூட்டர் உலகம் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. ஃபேஸ்புக் பிறப்பதற்கு 19 ஆண்டுகளுக்கு முன், 1985-ல், கலிபோர்னியாவின் சாஸலிட்டோவில் 'வெல்' என்றொரு அமைப்பு தொடங்கியது. தொடங்கியவர்கள் ஸ்டூவர்ட் பிராண்ட், லாரி பிரில்லியன்ட். டெலிபோன் கம்பி வழியே கம்ப்யூட்டரை இணைத்து, மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பேசும் இடம். அங்கே ஒவ்வொரு பேச்சு அறைக்கும் பெயரே 'கான்ஃபரன்ஸ்', அதாவது மாநாடு! ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ஹோஸ்ட்' உண்டு. விருந்து கொடுக்கும் வீட்டுக்காரரைப் போல வந்தவரை வரவேற்பதும், ஒதுங்கி நிற்பவரைப் பேச்சுக்குள் இழுப்பதும், குரல் உயர்ந்தால் தணிப்பதும் அவர் பொறுப்பு. உறுப்பினர்கள் தங்கள் நிஜப் பெயரை மறைக்க முடியாது. சில ஆயிரம் பேர்தான். மாதம் ஒரு முறை நேரிலும் கூடிச் சாப்பிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஹோவர்ட் ரைன்கோல்ட் 1993-ல் வெளியிட்ட நூலில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். அவருடைய சிறு மகளின் தலையில் ஓர் உண்ணி கடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி குழந்தை டாக்டருக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருந்தார். ரைன்கோல்ட் 'வெல்' பெற்றோர் அறையில் கேள்வியைப் போட்டார். சில நிமிடங்களில் அங்கிருந்த டாக்டர் உறுப்பினர் ஒருவரிடமிருந்து விளக்கமாகப் பதில் வந்தது. குழந்தை டாக்டரின் ஆபீஸிலிருந்து போன் வருவதற்குள் உண்ணி வெளியே வந்துவிட்டது. இணைய உறவைப் பற்றிய நல்ல கதைகள் பலவும் ஏறக்குறைய இந்த மாதிரிதான்: கேட்டவரைத் தெரிந்த ஒருவர், அவருக்காகவே நேரம் செலவழித்து எழுதுகிறார்.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. பிட்ஸ்பர்கின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் க்ரவுட், வீட்டுக்குப் புதிதாக இன்டர்நெட் வந்தவர்களை ஆராய்ந்து 1998-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அதிகம் பயன்படுத்தியவர்களிடம் தனிமையும் மனச்சோர்வும் சற்றுக் கூடியிருந்தன என்பது முடிவு. பத்திரிகைகள் அதைத் தலைப்புச் செய்தியாக்கின. அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்ததில் அந்தப் பாதிப்பு பெருமளவு மறைந்துவிட்டது என்று 2002-ல் அவரே எழுதியதை அவ்வளவு பேர் படிக்கவில்லை. 2016-ல், ஃபேஸ்புக்கின் ஆராய்ச்சியாளர் மொய்ரா பர்க்குடன் சேர்ந்து இன்னொரு ஆய்வு. நெருக்கமானவர் ஒருவர் உட்கார்ந்து, இவருக்கென்றே எழுதிய வரிகள் மனநிலையை உயர்த்துகின்றன. பொத்தாம்பொதுவாக எல்லோருக்கும் போடும் பதிவும், விரலால் ஒரு தட்டில் விழும் லைக்கும் அப்படி எதுவும் செய்வதில்லை.

நார்வேயில் நடந்த ஒரு விஷயம் இதை ஆராய்ச்சியைவிடத் தெளிவாகக் காட்டும். மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் 2014 நவம்பரில், 25 வயதில் இறந்தார். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் டுஷேன் நோய். கடைசி ஆண்டுகளில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பெரும்பாலான நேரத்தை 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் கழித்தார். நட்பு, காதல் எதையும் காணாமல் மகன் போய்விட்டானே என்பது பெற்றோரின் துக்கம். அவர் எழுதிவந்த பக்கத்தில் மரணச் செய்தியைப் போட்டார்கள். நாடு நாடாகக் கடிதங்கள் வரத் தொடங்கின. மகனிடம் ஆறுதல் தேடியவர்கள், மகன் சொன்னதைக் கேட்டு மனம் விட்டுப் போயிருந்த உறவைச் சரிசெய்துகொண்டவர்கள் என்று பெற்றோர் கேள்விப்பட்டிராத ஒரு வாழ்க்கை அந்தக் கடிதங்களில் இருந்தது. சவ அடக்கத்துக்கு இங்கிலாந்து, பின்லாந்து, டென்மார்க், நெதர்லாந்திலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். இந்தக் கதை 2024-ல் ஆவணப்படமாகி விருதுகள் வாங்கியது. உலகம் முழுக்க அழுதுகொண்டே பார்த்தது.

அழுகையில் பலரும் கவனிக்கத் தவறியது ஒன்று. அந்த விளையாட்டில் லட்சக்கணக்கானவர்கள் உண்டு. மாட்ஸின் நண்பர்களோ 'ஸ்டார்லைட்' என்ற சிறிய குழுவினர். சுமார் முப்பது பேர், பத்தாண்டுகளுக்கு மேல் பழகியவர்கள். நினைத்தவர் நினைத்தபடி அதில் சேர முடியாது. உள்ளே இருப்பவர் ஒருவர் சிபாரிசு செய்ய வேண்டும்; பிறகு சில வாரங்கள் பழகிப் பார்ப்பார்கள். அடக்கத்தின்போது அந்தக் குழுவின் தலைவர் எழுந்து பேசினார். சங்கத்துக்குத் தலைவராக ஊதியம் எதையும் அவர் பெற்றதில்லை.

ஃபேஸ்புக் எடுத்த வழி இதற்கு நேர்மாறு. உங்களுக்கு இந்த குரூப் பிடிக்கலாம், அந்த குரூப் பிடிக்கலாம் என்று இயந்திரமே சிபாரிசு செய்யத் தொடங்கியது. அந்த இயந்திரம் யாருடனும் பழகிப் பார்ப்பதில்லை. தீவிரவாதக் கருத்துள்ள குரூப்களில் சேர்ந்தவர்களில் 64 சதவீதம் பேர் தங்கள் சிபாரிசு வசதிகளால் வந்தவர்கள் என்று கம்பெனிக்குள்ளேயே 2016-ல் ஒரு அறிக்கை தயாராகியிருந்ததாக நான்கு ஆண்டுகள் கழித்து 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' வெளியிட்டது. அப்படியானால் சிகாகோ மேடைக்கு முன்பே அது தெரிந்த சங்கதி. அமெரிக்காவில் அரசியல் குரூப்களுக்கான சிபாரிசை 2020 தேர்தல் நேரத்தில்தான் நிறுத்தினார்கள். நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்த பிறகு, 2021 ஜனவரியில், அதை உலகம் முழுவதற்கும் நிரந்தரமாக்குவதாக அறிவித்தார்கள்.

சிகாகோ பேச்சின் அடுத்த கட்டமாக 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தன் கணக்கீட்டு முறையை மாற்றியது. செய்தி நிறுவனங்களின் பதிவுகளைக் குறைத்து, நண்பர்கள், குடும்பத்தார், குரூப்களுக்கு முன்னிடம். அர்த்தமுள்ள உறவாடல் என்று அதற்குப் பெயர். அர்த்தத்தை இயந்திரம் எப்படி அளக்கும்? பின்னூட்டங்களை எண்ணியது. பகிர்வுகளை எண்ணியது. சிரிப்பு, சோகம், கோபம் ஆகிய முகங்களுக்கு அதற்கு முந்தைய ஆண்டே லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்தாகிவிட்டது. எந்தத் தெருவிலும் கூட்டம் கூடுவது குழாயடிச் சண்டைக்குத்தான் என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. ஆத்திரமூட்டும் பதிவுகள் மேலே மிதந்து வருகின்றன என்று கம்பெனியின் ஆராய்ச்சியாளர்களே எச்சரித்ததை 2021-ல் ஃப்ரான்சஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்த ஆவணங்கள் காட்டின. கோப முகத்தின் மதிப்பை 2020-ல்தான் பூஜ்யமாக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்தச் சண்டைகளை விலக்கிவிட்டவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் அட்மினின் கதை இன்னும் விசித்திரம். இங்கே அவரது களம் வாட்ஸ்அப். அவரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. குரூப்பை உருவாக்கும் பொத்தானை அழுத்தியவர் அட்மின், அவ்வளவே. அடுக்குமாடிக் குடியிருப்பு, பள்ளி வேன், பழைய மாணவர்கள், டெல்லியிலோ மும்பையிலோ வெளியூர்த் தமிழர் சங்கம் என்று எங்கும் அவர் உண்டு. அவரது தினசரித் தலைவலி ரோஜாப்பூவோடு வரும் காலை வணக்கம். இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களில் மூவரில் ஒருவருக்குத் தினமும் போனில் இடம் தீர்ந்துபோவதாகவும், அதற்குக் காலை வணக்கப் படங்கள் முக்கியக் காரணம் என்றும் 2018-ல் வந்த செய்தி, அட்மின்கள் எவருக்கும் ஆச்சரியம் அளித்திருக்காது. அந்த ரோஜாப்பூவை அனுப்பும் ஓய்வுபெற்ற பெரியவருக்கு அன்றைக்கு வேறு யாரோடும் பேச்சு இருக்காது என்பதும் அட்மினுக்குத் தெரியும். வணக்கத்துக்குத் தடை போடுவதா வேண்டாமா என்ற தர்மசங்கடம் சிகாகோவில் அறிவித்த எந்த வசதிக்கும் அடங்காது.

தலைவலி ஒரு கட்டத்தில் வழக்காக மாறியது. 2017 ஏப்ரலில் வாரணாசி மாவட்ட மாஜிஸ்ட்ரேட்டும் போலீஸ் சூப்பிரண்டும் ஒரு கூட்டு உத்தரவு போட்டார்கள். குரூப்பில் வதந்தி பரவினால் அட்மின் மீதும் வழக்கு. உறுப்பினர்களை நேரில் அறிந்தவர்தான் அட்மினாக இருக்க வேண்டும் என்றும் அதில் ஓர் அறிவுரை. உத்தரவின் மிரட்டல் தவறு, அந்த அறிவுரை ஒன்றும் தவறில்லை. அடுத்த ஆண்டு பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டதாகப் பரவிய ஃபார்வர்டுகளை நம்பிப் பல மாநிலங்களில் அப்பாவிகளை அடித்தே கொன்றார்கள். அதன் பிறகு இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி 2018 ஜூலையில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

நீதிமன்றங்கள் அட்மினிடம் பொதுவாக இரக்கம் காட்டியுள்ளன. உறுப்பினரின் அவதூறுக்கு அட்மினைப் பொறுப்பாக்குவது, பத்திரிகையில் வந்த அவதூறுக்குக் காகிதம் தயாரித்தவரைப் பிடிப்பது போன்றது என்ற கருத்தை டெல்லி உயர் நீதிமன்றம் 2016-லேயே தெரிவித்தது. 2021-ல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் தவிர அட்மினுக்கு வேறு அதிகாரம் கிடையாது, ஒரு செய்தி வெளியாகும் முன் அவரால் தடுக்க முடியாது என்று சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது கரூர் வழக்கறிஞர்கள் குரூப் விவகாரம். அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்றால் குற்றப்பத்திரிகையிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும் என்றது உத்தரவு. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் இதே வழியில் சென்றது.

நிம்மதிதான். ஆனால் 2022-ல் இன்னொன்றும் நடந்தது. குரூப்பில் யார் போட்ட செய்தியையும் எல்லோருக்கும் அழித்துவிடும் அதிகாரத்தை வாட்ஸ்அப் அட்மினுக்குக் கொடுத்தது. உறுப்பினர் வரம்பு 1,024 ஆனது. அதிகாரம் இல்லை என்ற தற்காப்பில் ஒரு செங்கல் கழன்றுவிட்டது. முன்கூட்டித் தடுக்க முடியாது, சரி. பார்த்த பிறகும் ஏன் அழிக்கவில்லை என்று ஒரு நாள் ஒரு வக்கீல் கேட்பார். 1,024 பேர் எழுதுவதை இரவில் எத்தனை மணி வரை விழித்திருந்து பார்க்க வேண்டும் என்று அப்போது யாராவது பதிலுக்குக் கேட்டால் நல்லது.

இந்த விழிப்பின் மதிப்பு என்னவென்று நாடு ஒரு முறை கண்ணால் பார்த்தது. 2021 ஏப்ரல், மே. இரண்டாவது கோவிட் அலை. டெல்லியில் ஆக்ஸிஜன் தீர்ந்துகொண்டிருக்க, சிலிண்டர், படுக்கை, மருந்து கிடைக்கும் இடங்களின் பட்டியல்கள் போன் போனாகப் பறந்தன. பட்டியலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காலையில் நிஜமாக இருந்த சிலிண்டர் மதியம் இருக்காது. சில எண்கள் மோசடிக்காரர்களுடையவை. மூச்சுத் திணறுபவரின் மகனுக்குத் தேவைப்பட்டது, பட்டியலில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டு, இருக்கிறதா இல்லையா என்று கேட்டு, இல்லையென்றால் அடித்துவிட்டு, இருந்தால் நேரம் குறித்துவைக்கும் ஓர் ஆள். கல்லூரி மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் முறை வைத்து ராப்பகலாக அதைச் செய்தார்கள். முன்பின் தெரியாதவர்களுக்காக. சில ஊர்களில் உதவி கேட்டுப் பதிவிட்டவர்கள் மீதே போலீஸ் பாயலாம் என்ற பயம் எழுந்தபோது, ஏப்ரல் 30 அன்று சுப்ரீம் கோர்ட் குறுக்கிட்டு, அப்படி நடந்தால் நீதிமன்ற அவமதிப்பாகக் கருதுவோம் என்று எச்சரித்தது.

இதற்கெல்லாம் கூலி கேட்கலாமா என்பது பழைய வழக்கு. 'அமெரிக்கா ஆன்லைன்' கம்பெனியின் பேச்சு அறைகளைக் கவனித்துவந்த தன்னார்வலர்களில் சிலர், தாங்கள் செய்தது வேலைதான் என்று 1999-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். 2010-ல் ஒன்றரைக் கோடி டாலருக்கு சமரசம் ஆனது. 'ரெடிட்' தளத்தின் அட்மின்கள் சம்பளமின்றிச் செய்யும் வேலையின் மதிப்பு ஆண்டுக்குக் குறைந்தது 34 லட்சம் டாலர் என்று 2022-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2023 ஜூன் 12-ம் தேதி, கம்பெனியின் புதிய கட்டண விதிகளை எதிர்த்து 8,000-க்கும் அதிகமான குரூப்களை அவர்கள் மூடினார்கள். திறக்காவிட்டால் உங்கள் இடத்தில் வேறு ஆள் வருவார் என்றது நிர்வாகம். பெரும்பாலானவர்கள் திறந்தார்கள். மறு ஆண்டு மார்ச்சில் ரெடிட் பங்குச் சந்தைக்கு வந்தபோது, அட்மின்களுக்கும் பங்கு உண்டு என்றார்கள். இலவசமாக அல்ல, வெளியீட்டு விலை கொடுத்து வாங்க.

வாட்ஸ்அப்பில் அந்தப் பேச்சுக்கும் வழியில்லை. சலித்துப்போன அட்மின் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறலாம். வேறு அட்மின் இல்லையென்றால் குரூப் கலைந்துவிடாது. மிச்சமிருக்கும் உறுப்பினர்களில் யாரோ ஒருவரை இயந்திரமே அட்மினாக்கிவிடும். அவரிடம் சம்மதம் கேட்பதில்லை. ரோஜாப்பூ அனுப்பும் பெரியவராகக்கூட அவர் இருக்கலாம்.